எல்லையுடைய எண்கள்

எண்ணுக்கு முடிவில்லை என்று கணித ஆசிரியர் நமக்குக் கற்பித்தார். அஃது உண்மையே. ஆயினும் மனிதர் தம் அன்றாட வாழ்விலே வழங்கும் எண்களுள் பெரும்பாலானவை எல்லைக்குட்பட்டவை. மாதத்தின் நாள் ஒன்றில் தொடங்கி முப்பத்தொன்றில் முடிகின்றது. பரீட்சைப் புள்ளி நூற்றைத் தாண்டுவதில்லை. தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு தொழிலாளி ஒரே மாதத்தில் நாற்பத்தைந்து நாள் வேலை செய்தார் என்று காணப்படின், பேர் போடும் கணக்கப்பிள்ளை கண்ட மாத்திரத்தே பேனாவை நிறுத்திவிடுவார். முப்பத்தொன்றே எல்லை என்று எவரும் அவருக்கு எழுதிக் கொடுத்ததில்லை. தொழிலறிவே அவருக்கு அதனை உணர்த்துகின்றது.

கணினிக்கு அத்தகைய தொழிலறிவு கிடையாது. நாம் எழுதிக்கொடுத்த எல்லையை மாத்திரமே அஃது அறியும். எல்லையை எழுதிக் கொடுப்பது எப்படி, எழுதியதை இயந்திரம் காப்பது எப்படி, அதற்கு ஆகும் செலவு யாது என்னும் மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். இயங்குதளம், விமானக் கட்டுப்பாடு, மருத்துவக் கருவி முதலியவற்றுக்கான செய்நிரல்கள் சீ, அடா, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதப்படுகின்றன. இயந்திரத்தை நெருங்கி நின்று பேசும் இம்மொழிகளை முறைமைச் செய்நிரலாக்க மொழிகள் என்பர். நாம் எடுத்துக்கொண்ட வினாக்கள் மிகக் கூர்மையாக எழுவது இவற்றிலேயாம்.

இயந்திரம் தரும் பெட்டிகள்

கணினியின் நினைவகம் எண்களை இடும் பெட்டிகளின் வரிசை எனலாம். பெட்டியின் அளவைத் துவித இலக்கத்தால், அஃதாவது பிட்டால், கணக்கிடுவர். வழக்கமான பெட்டிகள் 8, 16, 32, 64 பிட்டு அளவின. குறியற்ற 8 பிட்டுப் பெட்டி 0 முதல் 255 வரை கொள்ளும். குறியுடைய 16 பிட்டுப் பெட்டி -32,768 முதல் 32,767 வரையும், குறியுடைய 32 பிட்டுப் பெட்டி ஏறத்தாழ இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்துநான்கு இலட்சம் வரையும் கொள்ளும். இவ்வெல்லைகள் யாவும் இயந்திரத்தின் வசதிக்கு ஏற்றவை. பொருளின் இயல்பை நோக்கி வகுக்கப்பட்டவை அல்ல. மாதத்தின் நாளை 8 பிட்டுப் பெட்டியில் இட்டால் 32 முதல் 255 வரையுள்ள எண்களும் 0 என்பதும் பொருளற்றனவாய் அப்பெட்டியில் இடம்பெறக் கூடும்.

நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுக்கும் கருவியை எண்ணிப் பார்ப்போம். காலை, நண்பகல், மாலை என மூன்று நிறுவை. ஒரு நிறுவையில் 0 முதல் 25 கிலோ வரை, சாக்கின் எடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பது 0 முதல் 4 கிலோ வரை என்று கொள்வோம். பெரும் மழைநாளொன்றில் ஒருவர் 2 கிலோ மாத்திரமே பறித்தார். கருவி 4 கிலோவைக் கழிக்கின்றது. குறியற்ற 8 பிட்டுப் பெட்டியில் 2இலிருந்து 4ஐக் கழித்தால் விடை -2 அன்று; 254 ஆகும். கடிகார முள் பன்னிரண்டைக் கடந்து மீண்டும் ஒன்றுக்கு வருவதுபோல, பெட்டி தன் அடியெல்லையைக் கடந்து மேலெல்லைக்குச் சுற்றிவிடுகின்றது. இயந்திரம் யாதொரு குறையும் கூறாது. சீ மொழியில் குறியற்ற எண் இவ்வாறு சுற்றுவது விதிப்படியானதே. குறியுடைய எண் எல்லை மீறினாலோ, விளைவு இன்னதென்று அம்மொழியின் விதி வரையறுக்கவே இல்லை.

எல்லையை எழுதும் மொழிகள்

இக்குறையை முதலிலே தெளிவாக உணர்ந்து பரிகாரம் செய்தோருள் சுவிற்சர்லாந்து நாட்டு நிக்கிளவுஸ் வேர்த் குறிப்பிடத்தக்கவர். அவர் 1970இல் வெளியிட்ட பாஸ்கால் மொழியில் ‘1 முதல் 31 வரை’ என்று ஓர் எண்ணின் வீச்சையே அதன் வகையாக எழுத இயலும். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக ஷான் இஷ்பியா தலைமையிலான குழு வகுத்து, 1983இல் நியமமாகிய அடா மொழி, இக்கருத்தை மேலும் வளர்த்தது. அம்மொழியில் ஒருவர் இரண்டு வழிகளைக் கையாளலாம். ஏற்கெனவே உள்ள நிறைவெண்ணின் ஒரு பகுதியை உள்வகையாகக் கொள்வது ஒன்று. முற்றிலும் புதியதோர் எண்வகையை ஆக்குவது மற்றொன்று. புதிய வகையாக ஆக்கினால் கிலோவையும் நாளையும் தவறுதலாகக் கூட்ட முயல்வோரைத் தொகுப்பியே தடுத்துவிடும். எல்லை மீறப்பட்டால், வரம்பு மீறல் என்னும் விதிவிலக்கு எழுப்பப்பட்டுச் செய்நிரலின் போக்கு அவ்விடத்தே நிற்கும்.

தமிழ் இலக்கணம் கற்றோருக்கு இது புதிதன்று. இன்ன எழுத்துக்களே மொழிக்கு முதலாகும் என்று இலக்கணம் வரையறுத்துள்ளது. டகரத்தில் தொடங்கும் சொல்லைக் கண்டவுடன், அதன் பொருளை ஆராயுமுன்னரே, அது தமிழ்ச்சொல் அன்று எனத் துணிகின்றோம். அதுபோலவே எண்ணின் வகையும், கணக்கின் பொருளுக்குள் இறங்குமுன்னரே, தகாததை வாயிலில் நிறுத்துகின்றது.

நம் சட்டைப்பையிலுள்ள உதாரணம்

இலங்கையருக்கு இதனினும் சிறந்த உதாரணம் தேசிய அடையாள அட்டையாகும். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட அட்டைகளில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதலிரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசையெண். ஆணாயின் அவ்வெண் உள்ளபடியே எழுதப்படும். பெண்ணாயின் அதனோடு 500 கூட்டி எழுதப்படும். ஆகவே ஆண்களுக்கு 1 முதல் 366 வரை, பெண்களுக்கு 501 முதல் 866 வரை. மூன்று இலக்கத்தால் எழுதத்தக்க ஆயிரம் எண்களுள் 732 தகுவன, 268 தகாதன.

இன்னொரு நுட்பமும் உண்டு. இம்முறையில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள் உடையதாகவே கொள்ளப்படுகின்றது. ஆதலின் லீப் ஆண்டாயினும் அன்றாயினும் மார்ச் முதலாந் திகதி 61. திசெம்பர் 31 எப்போதும் 366. வாசகர் தத்தம் அட்டையை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இதனை அறியாத ஒருவர், ‘சாதாரண ஆண்டுக்கு 365 நாளே’ என்று எண்ணி 1 முதல் 365 வரை என எல்லை வகுப்பாராயின், சாதாரண ஆண்டில் திசெம்பர் 31இல் பிறந்த ஆடவர் எவரையும் அவருடைய செய்நிரல் ஏற்காது. பெண்களுக்குரிய 500ஐ மறந்து 366இல் எல்லையை நிறுத்துவாராயின், நாட்டின் பெண்கள் அனைவரும் வெளியே நிற்க நேரிடும்.

மலையகத்தில் இதனை வெறும் கணித விநோதமாகக் கொள்வதற்கில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கையும் பின்வந்த சட்டங்களும் கடந்து, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அவ்வழக்கு நீண்டது. அத்தகைய சமுதாயத்துக்கு அடையாள அட்டை, ‘நான் இந்நாட்டவன்’ என்பதற்குக் கையிலுள்ள சான்று. கொழுந்து பறிப்போருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் ஒருவர் சேமலாப நிதி பெறச் செல்லுமிடத்து, ‘உம் இலக்கம் பிழை’ என்று இயந்திரம் கூறுமானால், பிழை அவரிடம் இல்லை. எல்லையை வகுத்தவரிடமே உள்ளது. எல்லையை வகாது விடுவது ஒரு தீங்கு. தவறாக வகுப்பது அதனினும் பெருந் தீங்காதல் கூடும்.

அடா மொழியின் 2012ஆம் ஆண்டு நியமம் இவ்வகை உதாரணத்துக்கே செய்ததுபோன்ற ஒரு வசதியைத் தருகின்றது. ‘1 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரை’ என்று இடைவெளியுள்ள இரு வீச்சுக்களையும் ஒரே உள்வகையாக எழுதலாம். ஆயினும் சாதாரண ஆண்டில் 60ஆம் எண் வரலாகாது என்பதை நாளின் வகை மாத்திரம் அறிந்து காக்க இயலாது. ஆண்டையும் நாளையும் ஒருங்கே நோக்கி அதனைச் சோதித்தல் வேண்டும். ஒரு மாறியின் எல்லை மற்றொரு மாறியைச் சார்ந்திருக்குமிடத்து எளிய வீச்சுவகை போதாது என்பது இதனாற் பெறப்படும்.

2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அட்டை இலக்கம் பன்னிரண்டாக்கப்பட்டது. ஆண்டு நான்கு இலக்கம், நாள் மூன்று, வரிசையெண் நான்கு, சோதனை இலக்கம் ஒன்று. 2000ஆம் ஆண்டில் பிறந்தோர் பதினாறு வயதெய்திய காலம் அது. ஈரிலக்க ஆண்டு 1900ஐயும் 2000ஐயும் வேறுபடுத்தாது. பழைய ஒன்பது இலக்கம் 32 பிட்டுப் பெட்டியில் அடங்கும். புதிய பன்னிரண்டு இலக்கம் அடங்காது. பொருளின் எல்லையை எழுதாது பெட்டியின் எல்லையை நம்பியிருப்போர் இத்தகைய மாற்றத்தின்போது இடர்ப்படுவர்.

எல்லையைக் காக்கும் விதம்

இனித் தொகுப்பி உள்ளே செய்வது யாதெனப் பார்ப்போம். முதலில் அஃது எண்ணுக்கு ஏற்ற பெட்டியைத் தெரிகின்றது. 1 முதல் 366 வரையிலான எண்ணுக்கு ஒன்பது பிட்டுப் போதும். ஆயினும் இயந்திரம் தருவது 16 பிட்டுப் பெட்டி. ஸிக் என்னும் மொழியில் ஒன்பது பிட்டு எண்ணையே நேராக எழுதலாம். சீ மொழியின் அண்மைய நியமமும் இவ்வசதியைத் தருகின்றது. ஆனால் ஒன்பது பிட்டின் வீச்சு 0 முதல் 511 வரை. பிட்டின் எண்ணிக்கையால் வகுக்கும் எல்லை எப்போதும் இரண்டின் அடுக்கிலேயே நிற்கும்.

அடுத்தது சோதனை. எண் கீழெல்லைக்குக் குறையாமலும் மேலெல்லைக்கு மிகாமலும் இருக்கின்றதா என்று இருமுறை ஒப்பிட வேண்டும் எனத் தோன்றும். ஒருமுறை ஒப்பிட்டாலே போதும். எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, விடையைக் குறியற்ற எண்ணாகக் கொண்டு, அது 365க்கு மேற்படாதா என்று நோக்குக. 366க்கு மேற்பட்ட எண் எளிதில் அகப்படும். எண் 0 ஆயின், கழித்த விடை 32 பிட்டில் 4,294,967,295 ஆகச் சுற்றும்; அதுவும் 365ஐ மிஞ்சுவதால் அகப்படும். கொழுந்துக் கணக்கைக் கெடுத்த அதே சுற்றல் ஈண்டு காவலனாகின்றது.

சோதனையை எங்கே வைப்பது என்பது மூன்றாவது. இரு பாடங்களில் 90, 80 புள்ளி பெற்ற மாணவனின் சராசரி 85. கணக்கின் நடுவே தோன்றும் 170, புள்ளியின் எல்லையை மீறியது. அதனை அங்கேயே தடுப்பது அறிவுடைமையன்று. ஆகவே கணக்கு நிகழும்போது அகன்ற பெட்டியில் நிகழ விட்டு, விடையைப் புள்ளி என்னும் மாறியில் இடும்போதே சோதிப்பர்.

நான்காவது, தேவையற்ற சோதனைகளை நீக்குதல். இதுவே இத்துறையின் அழகிய பகுதி. தொகுப்பி ஒவ்வோர் எண்ணுக்கும் கீழெல்லை, மேலெல்லை என்ற இரண்டையும் சுமந்து சென்று, எல்லைகளையே கூட்டிக் கழிக்கின்றது. நிறுவை ஒன்று 0 முதல் 25 எனின், மூன்று நிறுவையின் கூட்டுத்தொகை 0 முதல் 75. இதனை 0 முதல் 75 வரையிலான மாறியில் இடுவதற்குச் சோதனையே வேண்டா. அதிலிருந்து 0 முதல் 4 வரை கழித்தால் எல்லை -4 முதல் 75 ஆகின்றது. கீழெல்லை பூச்சியத்தின்கீழ் இறங்கிவிட்டதால் தொகுப்பி அவ்விடத்தில் மாத்திரம் சோதனையை நிறுத்துகின்றது. ‘எடை கழிவை விடக் குறையாதாயின்’ என்ற நிபந்தனையைச் செய்நிரலாளர் முன்னரே எழுதியிருப்பின், விடை பூச்சியத்தின்கீழ் இறங்காது என்பதை அந்நிபந்தனையிலிருந்து உய்த்துணரவல்ல தொகுப்பி அச்சோதனையையும் நீக்கும். எத்தனை முறை சுழலும் என்று தெரியாத கணக்குகளில் எல்லைகளைக் கண்டறிவது கடினம். அதற்குரிய பொதுமுறையை 1977இல் பற்றிக் கூசோ, ராதியா கூசோ என்னும் தம்பதியர் வகுத்தளித்தனர்.

எல்லையால் இடமும் மிச்சமாதல் உண்டு. ரஸ்ட் மொழியில் பூச்சியமாகாத நிறைவெண் என ஒரு வகை உண்டு. ‘எண் உண்டு, அல்லது இல்லை’ என்று கூறவேண்டியவிடத்து ‘இல்லை’ என்பதைக் குறிக்கத் தனிப்பெட்டி வேண்டுவதில்லை. பயன்படாதிருக்கும் பூச்சியத்தின் வடிவமே அதனைக் குறித்துவிடும். ஆயினும் 1 முதல் 366 வரை என்று விரும்பியவாறு எழுதும் பொதுவசதி அம்மொழியின் நிலையான பதிப்புகளில் இதுவரை இல்லை. எண்ணை மூடிய பெட்டி ஒன்றில் இட்டு, சோதித்த பின்னரே உள்ளே விடும் வாயில் ஒன்றை அமைப்பதே அங்கு வழக்கம்.

சுற்றிவரும் வீச்சொன்றையும் குறிப்பிடல் வேண்டும். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரைக் காலம் திசெம்பர்ப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்கில் முடிகின்றது. மாத எண்ணால் இதனை ‘12 முதல் 5 வரை’ என்று அடாவில் எழுதினால், தொகுப்பி அதனைப் பிழை என்னாது. ஓர் உறுப்பும் இல்லாத வெற்று வீச்சாகக் கொள்ளும். யாத்திரிகர் எவருமே இல்லை என்பது அதன் முடிபாகும். திசெம்பரைப் பூச்சியமாகக் கொண்டு 0 முதல் 5 வரை எண்ணுவதே வழி. எல்லையை எழுதுமுன் எதனைத் தொடக்கமாகக் கொள்வது என்பதையும் ஆராய வேண்டும் என்பதற்கு இது சான்று.

எல்லை மட்டும் போதுமா?

போதாது என்பதனை 1996ஆம் ஆண்டு யூன் 4ஆம் நாள் உலகம் அறிந்தது. பிரெஞ்சுக் கயானாவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியான் 5 என்னும் ஏவூர்தி, ஏவுகைத் தொடரின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது விநாடியில் பாதை பிறழ்ந்து சிதறியது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 பிட்டு மிதவைத்தானத் தசம எண் ஒன்றைக் குறியுடைய 16 பிட்டு நிறைவெண்ணாக மாற்றும்போது, அது 32,767 என்ற எல்லையை மிஞ்சியது. அச்செய்நிரல் எழுதப்பட்டது அடா மொழியிலேயே. மீறல் கண்டுபிடிக்கவும் பட்டது. ஆனால் கண்டபின் செய்யவேண்டியது யாதென அவ்விடத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. விதிவிலக்கு எழவே வழிகாட்டும் கணினி நின்றது. துணைக் கணினியும் அதே செய்நிரலைக் கொண்டிருந்தமையால் அதுவும் நின்றது.

விசாரணைக் குழுவின் அறிக்கை கூறும் செய்தி சிந்தனைக்குரியது. அபாயமுள்ள ஏழு மாறிகளுள் நான்கிற்கே பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. கணினியின் வேலைச்சுமை எண்பது விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பதற்காக ஏனைய மூன்றும் விடப்பட்டன. முந்திய ஏரியான் 4இன் பறப்பில் அவ்வெண் அத்துணை பெருகியதில்லை; புதிய ஏவூர்தியின் வேகமோ வேறு. அன்றியும் அக்கணக்கு, தரையை விட்டெழுந்த பின் அவ்வேவூர்திக்குத் தேவையே இல்லாதது.

ஆதலின் எல்லையை எழுதுவோர் மூன்றையும் உடன் எழுதல் வேண்டும். எல்லை எது? அதற்கு ஆதாரம் எது? மீறினால் செய்வது எது? நிறுத்துவதா, எல்லையிலேயே தங்க விடுவதா, ‘விடை இல்லை’ என்று அறிவிப்பதா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். வங்கிக் கணக்கில் நிறுத்துவது நன்று. பறக்கும் ஏவூர்தியில் நிறுத்துவது நாசம். மீறல் நிகழவே மாட்டாது என்று ஓடுமுன்னரே நிறுவிவிடின் அதுவே தலைசிறந்தது. அடாவின் ஒரு பகுதியாகிய ஸ்பார்க் என்னும் மொழி, அவ்வாறு நிறுவுதற்கென்றே அமைந்தது.

வெளியிலிருந்து வரும் தரவைப்பற்றி ஒரு சொல். வலையத்திலிருந்தோ கோப்பிலிருந்தோ வந்த பிட்டுக்களை அப்படியே எல்லையுடைய வகையாகக் கொள்ளுதல், அட்டையைப் பாராமலே ஆளை உள்ளே விடுதல் போன்றது. அதன்பின் சோதனைகளை நீக்கிய தொகுப்பி, பொய்யை மெய்யென நம்பிக் கணக்கிடும். வாயிலில் ஒருமுறை முறையாகச் சோதித்தால், உள்ளே அவ்வெண் செல்லுமிடமெல்லாம் அதன் வகையே சாட்சி கூறும்.

நம் கல்லூரி மாணவருட் பலர் இன்று செய்நிரலாக்கத்தைப் பாடமாகவும் தொழிலாகவும் மேற்கொள்கின்றனர். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழி அவர்களுக்கும் உரியது. ஒரு மாறிக்குப் பெயரிடும்போதே அதன் மிகச் சிறிய பெறுமானம் எது, மிகப் பெரியது எது என்று கேட்கும் வழக்கத்தை இளமையிலேயே பழகிக்கொள்க. அதற்கு விடை கணினி நூலில் மாத்திரம் கிடைப்பதன்று. கொழுந்து நிறுப்பவரிடமும், செக்ரோல் எழுதுபவரிடமும், ஆட்பதிவு அலுவலரிடமும் சென்று கேட்டறிய வேண்டியிருக்கும். அவ்வாறு கேட்டறிந்து வகுத்த எல்லையே, பிழையான எண்ணை வெளியே நிறுத்தி, உண்மையான மனிதரை உள்ளே ஏற்கும்.